ஆட்டின் கழுத்திலிருந்து மாத்திரைப் புட்டி வரை

பள்ளிக்கூடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவன் வரலாறு பற்றிப் பேசப் புகுந்தால், அசோகரையோ அக்பரையோ பற்றித்தான் பேசுவான் என்று மாணவ நண்பர்கள் எதிர்பார்த்திருக்கலாம். இன்று நான் சொல்லப் போவது ஒரு மருந்தின் வரலாறு. அதில் மன்னர் எவரும் இலர், படையெடுப்பும் இல்லை. ஆடுகள் உண்டு, பன்றிகள் உண்டு, கைக்குட்டையில் மருந்தை வடிகட்டிய ஓர் இளம் வைத்தியர் உண்டு. இப்பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை.

முப்பது ஆண்டுகளுக்கு முன், நான் தலைமை ஆசிரியனாக ஆவதற்கு முன்பு, எட்டாம் வகுப்பிற்குக் கணிதம் கற்பித்துக் கொண்டிருந்தேன். அவ்வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். ஏழாம் வகுப்பு வரை நன்றாகப் படித்தவள். திடீரென்று மந்தமானாள். கணக்கைக் கரும்பலகையில் எழுதி முடிப்பதற்குள் கண் அயர்ந்துவிடுவாள். கேள்வி கேட்டால், கிணற்றின் அடியிலிருந்து வருவதுபோல ஒரு கரகரத்த குரலில், நெடுநேரம் கழித்து விடை வரும். சித்திரை வெயிலிலும் தாவணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். முகம் சற்றே உப்பியிருந்தது. இத்தனையும் என் கண்முன் இருந்தன. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் குழந்தை உளவியல் படித்துத் தேறியவன் நான். ஆயினும் நான் கண்டது சோம்பலை மட்டுமே. ஒரு நாள் வகுப்பறையில், நாற்பது பேர் கேட்க, "உன் உடம்பில் ஓடுவது இரத்தமன்று, தூக்கம்" என்று சொன்னேன். வகுப்பு சிரித்தது. அவள் அழவும் இல்லை. அழுவதற்கு வேண்டிய விரைவுகூட அவளிடம் அப்போது இல்லை என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

கோடை விடுமுறையில் அவள் தந்தை அவளை ஒரு வைத்தியரிடம் அழைத்துச் சென்றார். கழுத்திலுள்ள தைராய்டுச் சுரப்பி வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. நாள்தோறும் ஒரு சிறிய வெள்ளை மாத்திரை. பள்ளி திறந்து, காலாண்டுத் தேர்வு வந்தபோது, என் வகுப்பில் இருந்தது பழைய சிறுமி. அவளைப் பற்றி மீண்டும் சொல்வேன்.

தைராய்டு என்ற பெயரைச் சுரப்பிக்கு இட்டவர் தாமஸ் வார்ட்டன் என்னும் ஆங்கில வைத்தியர், ஆண்டு 1656. கேடயம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்தது அது. அதனாலேயே தமிழில் அதனைக் கேடயச் சுரப்பி என்றும் வழங்குவர். குரல்வளைக்குக் கீழே, மூச்சுக்குழலைத் தழுவி, வண்ணத்துப் பூச்சியின் இரு சிறகுகள் போல அமைந்தது; எடை ஏறக்குறைய 20 கிராம். இது எதற்காக இருக்கிறது என்பது வார்ட்டனுக்குத் தெரியவில்லை. கழுத்துக்கு, அதிலும் பெண்களின் கழுத்துக்கு, உருண்டு திரண்ட அழகைத் தருவது இதன் பணிகளுள் ஒன்று என்று அவர் கருதினார். நாம் நகைக்க வேண்டுவதில்லை. இருநூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும் வைத்திய உலகம் அதைவிட நல்லதொரு விடையைக் கண்டிருக்கவில்லை.

1873-இல் லண்டனில் வில்லியம் கல் என்னும் புகழ்பெற்ற வைத்தியர், நடுவயதுப் பெண்கள் சிலரிடம் தாம் கண்ட விந்தையான மாறுதலை எழுதினார். முகம் உப்பி, நா தடித்து, தோல் வறண்டு, சிந்தை மந்தமாகி, நன்றாக வாழ்ந்த பெண்கள் மெல்ல மெல்லக் கல்லாய்ச் சமைந்தார்கள். 1878-இல் வில்லியம் ஆர்டு என்பவர், தோலுக்கடியில் கோழைபோன்ற பொருள் சேர்ந்து வீங்குவதாகக் கண்டு, இந்நோய்க்கு மிக்ஸிடீமா என்று பெயரிட்டார். பெயர் கிடைத்தது, காரணம் கிடைக்கவில்லை.

காரணம் கிடைத்தது ஒரு துயரத்தின் வழியாக. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் தியோடர் கோக்கர் என்னும் இரண வைத்தியர் இருந்தார். மலைநாடாகிய அந்நாட்டில் மண்ணிலும் நீரிலும் அயோடின் குறைவு. ஆகவே கழுத்துக் கழலை மலிந்திருந்தது. மூச்சை அடைக்கும் அளவுக்குப் பெருத்த கழலைகளை அறுத்தெடுப்பது அக்காலத்தில் உயிரைப் பணயம் வைக்கும் காரியம். கோக்கர் பொறுமையும் தூய்மையும் மிக்க கையினர். இரத்தம் சிந்தாமல், சுரப்பியை முழுமையாக அகற்றுவதில் தேர்ந்தவர். 1874-இல் பதினொரு வயதுச் சிறுமி ஒருத்தியின் சுரப்பியை அவ்வாறு அகற்றினார். புண் ஆறியது, சிறுமி வீடு சென்றாள். பின்னர் அவளுடைய ஊர் வைத்தியர், அவள் இயல்பே மாறிவிட்டதாகச் சொன்னார். ஆண்டுகள் சில கழித்துக் கோக்கர் அவளைப் பார்த்தபோது திடுக்கிட்டார். அவளுடைய தங்கை வளர்ந்து அழகிய பெண்ணாகி நின்றாள். இவளோ உயரம் நின்று, முகம் வீங்கி, அறிவு மழுங்கிப் போயிருந்தாள்.

இதற்கிடையில் ஜெனீவா நகரில் ழாக் ரெவெர்தென் என்பவரும், 1882-இல், இத்தகைய மாறுதலைத் தம் நோயாளிகளிடம் கண்டு சொல்லியிருந்தார். கோக்கர் தம்மிடம் அறுவை செய்துகொண்டவர்களைக் கடிதம் எழுதி வரவழைத்தார். சுரப்பியை முழுவதும் இழந்தவர்களுள் 18 பேரைச் சோதித்தார். 16 பேர் கெட்டுப்போயிருந்தனர். 1883-இல் ஜெர்மானிய இரண வைத்தியர் மாநாட்டில் அதை அவர் வெளிப்படையாகக் கூறினார். தம் கையால் நேர்ந்த கேட்டைத் தாமே எண்ணிக் கணக்கிட்டுச் சபையில் எழுந்து சொன்ன அந்தச் செயலை, அவருக்கு 1909-இல் கிடைத்த நோபல் பரிசினும் நான் உயர்வாக மதிக்கிறேன். பிழையை மறைப்பதற்கு அவரிடம் எத்தனையோ வழிகள் இருந்தன. நோயாளிகள் மலைக்கிராமங்களில் இருந்தார்கள். எவரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

மற்றொரு விந்தையையும் சொல்ல வேண்டும். வியன்னாவில் பில்ராத் என்னும் பேராசிரியரிடம் அறுவை செய்துகொண்டவர்களுக்கு இந்நோய் அதிகம் வரவில்லை. அமெரிக்கரான ஹால்ஸ்டெட் இதற்குப் பின்னாளில் விளக்கம் தந்தார்: பில்ராத் விரைந்து அறுப்பவர்; சுரப்பியின் துணுக்குகளை விட்டுவிடுவார். கோக்கரோ ஒரு துணுக்கையும் விடாத செம்மையாளர். அவருடைய செம்மையே நோயாளிக்குக் கேடாயிற்று.

1883-ஆம் ஆண்டின் இறுதியில் லண்டனில் கூடிய வைத்தியர் சங்கக் கூட்டத்தில் பெலிக்ஸ் செமன் என்பவர் எழுந்து, கல் கண்ட நோய், கோக்கர் கண்ட நோய், மலைநாடுகளில் குழந்தைகளுக்கு வரும் குறைவளர்ச்சி ஆகிய மூன்றும் ஒன்றே, சுரப்பியின்மையே மூன்றுக்கும் காரணம் என்றார். கூட்டத்தினர் அதை ஏளனமாகவே கொண்டனர். ஆனாலும் ஆராய ஒரு குழு அமைந்தது. குழுவின் அறிக்கை 1888-இல் வந்தது. செமன் சொன்னதே சரி என்றது. வகுப்பில் ஒரு மாணவன் எழுந்து விபரீதமாக ஏதேனும் கேட்டால் எல்லாரும் சிரிக்கிறார்களே, அதுதான் அங்கும் நடந்தது.

நிற்க. காரணம் தெரிந்தது, பரிகாரம்? இல்லாததைக் கொடுத்தால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. சுரப்பி நீக்கப்பட்ட நாய்களின் வயிற்றில் வேறொரு நாயின் சுரப்பியைப் பதித்தால் அவை பிழைக்கின்றன என்று ஷிப் என்பவர் 1884-இல் காட்டியிருந்தார். 1890-இல் லிஸ்பன் நகரின் வைத்தியர் இருவர், நோயுற்ற ஒரு பெண்ணின் தோலுக்கடியில் ஆட்டின் சுரப்பியைப் பதித்தனர். மறுநாளே அவள் தேறத் தொடங்கினாள். பதித்த சுரப்பியில் இரத்தக் குழாய்கள் ஓடி அது உயிர்பெற ஒரு நாள் போதாது. அப்படியானால் அவளைத் தேற்றியது யாது? அதிலிருந்து கசிந்து உடலில் கலந்த சாறே என்பது தெளிவு.

இந்த ஊகத்தைப் பற்றிக்கொண்டவர் ஜார்ஜ் மரே. இங்கிலாந்தின் வடபகுதியில், நியூகாசில் நகரில், அப்போதுதான் தொழில் தொடங்கியவர். 1891-இல் அவருக்கு வயது 25 அல்லது 26. அவ்வாண்டின் தொடக்கத்தில் உள்ளூர் வைத்தியர் சங்கத்தில் தம் கருத்தைச் சொன்னபோது, மூத்தவர் ஒருவர், அப்படியானால் முதுகுத்தண்டு நோய்க்கு முதுகுத்தண்டையே அரைத்து ஊசி போடலாமே என்று கேலி செய்தாராம். மரே பின்வாங்கவில்லை. அப்போதே கொன்ற ஆட்டின் சுரப்பியை எடுத்தார். சிறு துண்டுகளாக நறுக்கினார். கிளிசரினும், கிருமி சேராதிருக்கச் சிறிதளவு கார்பாலிக் அமிலம் கலந்த நீரும் ஊற்றி ஒரு நாள் ஊற வைத்தார். பின்னர் கொதிநீரில் இட்டெடுத்த மெல்லிய கைக்குட்டையால் பிழிந்து வடித்தார். கிடைத்த கலங்கல் நீரை 46 வயதுப் பெண் ஒருத்தியின் முதுகில் ஊசி வழியே செலுத்தினார்.

மூன்று மாதங்களில் அவள் முகத்தின் வீக்கம் வடிந்தது, பேச்சு விரைந்தது, நினைவு தெளிந்தது, களைப்பின்றி நடந்தாள், வீட்டு வேலைகளைச் செய்தாள். 1891 அக்டோபரில் மரே இதனைப் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். அடுத்த ஆண்டிலேயே ஊசியும் வேண்டாம், வாய் வழியே கொடுத்தாலே போதும் என்று லண்டனிலும் பிளிமத்திலும் கோப்பன்ஹேகனிலும் கண்டனர். பிளிமத் வைத்தியர் பாக்ஸ் என்பவர், சுரப்பியை இலேசாகப் பொரித்துப் பழப்பாகுடன் உண்ணச் சொன்னார். மருந்து அடுக்களைக்குள் நுழைந்த வேடிக்கை இது.

மரேயின் அந்த முதல் நோயாளி, சாகும் நாளை எண்ணிக்கொண்டிருந்தவள், 1919 வரை வாழ்ந்து தம் 74-ஆம் வயதில் காலமானார். அடுத்த ஆண்டில் மரே அவருடைய வரலாற்றை எழுதும்போது ஒரு கணக்கையும் தந்தார்: அந்த 28 ஆண்டுகளில் அவருக்காகச் செலவான சுரப்பிகள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளுடையவை. மருந்து நோயை வேரோடு களையவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நாள்தோறும் உடலில் குறைவதை நாள்தோறும் நிரப்பியது, அவ்வளவே.

இந்த மருந்து நன்மையோடு தீமையையும் கொண்டுவந்தது. ஓர் ஆட்டின் சுரப்பி போல மற்றோர் ஆட்டின் சுரப்பி இருப்பதில்லை. உலர்த்திப் பொடித்து மாத்திரையாக்கியபோதும், ஒரு புட்டியின் வீரியம் மறு புட்டியில் இல்லை. நெடுங்காலம் மந்தமாக ஓடிய இருதயத்தை ஒரேயடியாக முடுக்கினால் அது தாங்காது என்பதையும் வைத்தியர்கள் கண்டுகொண்டனர். முதியவர்க்கும் இருதய நோயுள்ளவர்க்கும் மிகச் சிறிய அளவில் தொடங்கி மெல்ல உயர்த்தும் வழக்கம் இந்த அனுபவத்திலிருந்து வந்ததே. மேலும், இதை உண்டவர்கள் மெலிவதைப் பார்த்தவுடன், நோயற்ற பருத்த உடலினரும் மெலிவதற்காக உண்ணத் தலைப்பட்டனர். 1890-களில் தொடங்கிய அந்த மயக்கம் எளிதில் ஓயவில்லை. அமெரிக்காவில் 1960-களில், இச்சரக்கையும் வேறு கடும் மருந்துகளையும் சேர்த்து, வண்ண வண்ண மாத்திரைகளாக மெலிவதற்கென்றே விற்றனர். உயிர்ச்சேதம் நேர்ந்தது, 1968-இல் அந்நாட்டுச் செனட் சபையின் ஒரு குழு விசாரிக்க வேண்டியதாயிற்று.

சுரப்பியின் உள்ளே இருக்கும் உண்மைப் பொருள் எது? 1895-இல் ஜெர்மனியில் பௌமன் என்பவர் சுரப்பியில் அயோடின் இருப்பதைக் கண்டார். 1914-ஆம் ஆண்டு, கிறிஸ்துமஸ் நாளில், அமெரிக்காவின் மேயோ மருத்துவ நிலையத்தில் எட்வர்ட் கெண்டல் அதைப் படிகமாகப் பிரித்தெடுத்தார். அதற்குத் தைராக்ஸின் என்று பெயர். ஏறத்தாழ மூன்று டன் பன்றிச் சுரப்பியிலிருந்து அவருக்குக் கிடைத்தது 33 கிராம். 1926-இல் லண்டனில் சார்லஸ் ஹாரிங்டன் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். 1927-இல் பார்ஜருடன் சேர்ந்து அதை ஆய்வுக்கூடத்திலேயே செய்து காட்டினார். 1950-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அதைப் பெருமளவில் செய்யும் வழிகள் வந்தன. இன்று நாம் வாங்கும் லெவோதைராக்ஸின் மாத்திரை அதுவே. அதில் ஆடும் இல்லை, பன்றியும் இல்லை.

பழைய கணித ஆசிரியனுக்கு ஒரு கணக்குப் போட ஆசை. இன்று பெரியவர் ஒருவர் உண்ணும் அளவு பெரும்பாலும் 100 மைக்ரோகிராமை ஒட்டி இருக்கும். மைக்ரோகிராம் என்பது கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே 1 கிராம் தைராக்ஸின் 10,000 நாட்களுக்கு, அதாவது 27 ஆண்டுகளுக்குமேல் வரும். மரேயின் நோயாளி 870 ஆடுகளிலிருந்து பெற்ற வாழ்வு இன்று ஒரு சிட்டிகை வெள்ளைப் பொடியில் அடங்கிவிடும். கெண்டலின் 33 கிராம், 33 பேருக்கு அத்தனை ஆண்டுகள் போதும். ஆனால் இக்கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். இவ்வளவு நுண்ணிய அளவில் வேலை செய்யும் பொருளில் சிறு பிழையும் பெரும் பிழை. 25 என்று எழுதிய புட்டியும் 50 என்று எழுதிய புட்டியும் கடையில் அடுத்தடுத்து நிற்கும். மாற்றி வாங்கினால் உண்பது இருமடங்கு. ஆகவே புட்டியின்மேல் எண்ணைப் படியுங்கள். வீட்டில் மூத்தோர் இருந்தால் அவர்களுக்காக நீங்கள் படியுங்கள்.

அளவைக் கண்டுபிடிப்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் நோயாளியின் தோற்றம், நாடி, மூச்சில் செலவாகும் பிராணவாயு இவற்றைக் கொண்டே அளவைத் தீர்மானித்தார்கள். நாளொன்றுக்கு 200 முதல் 400 மைக்ரோகிராம் வரை கொடுப்பது வழக்கமாயிருந்தது. மூளையின் அடியிலுள்ள கபச் சுரப்பி, தைராய்டை ஏவுவதற்கு ஒரு பொருளை இரத்தத்தில் விடுகிறது, அதற்கு டி.எஸ்.எச். என்று பெயர். தைராய்டு வகுப்பில் தூங்கினால் கபச் சுரப்பி குரலை உயர்த்தும். அது மிகையாக வேலை செய்தால் வாயை மூடிக்கொள்ளும். இந்த ஏவலை இரத்தத்தில் அளக்கும் முறை 1960-களில் பிறந்து, 1970-களில் பரவி, 1980-களில் மிக நுட்பமாயிற்று. அளந்து பார்த்தபோதுதான், பலர் தேவைக்குமேல் உண்டுகொண்டிருந்தது தெரிந்தது. தேவைக்கு மிஞ்சினால் ஆண்டுக் கணக்கில் எலும்பு தேயும். முதியோரின் இருதயத் துடிப்பு தாளம் தவறும். அளவைக் குறைத்தார்கள்.

மற்றொரு ஐயமும் அக்காலத்தில் தீர்ந்தது. 1952-இல் கிராஸ், ரோசலிண்ட் பிட்-ரிவர்ஸ் என்ற இருவர், தைராக்ஸினைவிட விரைந்து செயல்படும் டி-3 என்னும் பொருளைக் கண்டிருந்தனர். அதையும் தனியே கொடுக்க வேண்டுமோ? 1970-இல் பிரேவர்மன் முதலானோர், தைராக்ஸினை மட்டும் உண்டாலும் உடல் தானே அதை டி-3 ஆக மாற்றிக்கொள்கிறது என்று காட்டினர். ஒரே மாத்திரை போதும் என்பதற்கு அடிப்படை இதுதான்.

ஆனால் மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டால் வரலாறு முடிந்துவிடுவதில்லை. நான் சொன்ன சிறுமிக்கு வருவோம். பத்தாம் வகுப்பில் அவள் மறுபடியும் மந்தமானாள். இம்முறை நான் திட்டவில்லை. அவள் தந்தையை அழைத்துக் கேட்டேன். "பிள்ளைக்குத்தான் நன்றாகிவிட்டதே சார்; வாழ வேண்டிய வயதில் தினம் மருந்து எதற்கு என்று ஆத்தா நிறுத்திவிட்டார்கள்" என்றார். அன்பினால் செய்தது. மருந்தினால் நன்றாக இருப்பதை நோய் போய்விட்டதாக எண்ணுவது இயல்பு. தைராக்ஸினின் பாதி உடலைவிட்டுக் கழிய ஏறத்தாழ ஏழு நாட்களாகும். ஆகவே நிறுத்திய மறுநாள் ஒன்றும் தெரியாது. வாரங்கள் கழித்துத்தான் உடல் கணக்குக் கேட்கும். அதற்குள் நிறுத்தியதையே மறந்திருப்போம். இதே காரணத்தால், ஒரு நாள் மறந்துவிட்டால் அஞ்ச வேண்டியதில்லை. அன்றே நினைவு வந்தால் உண்ணலாம். மறுநாளுக்குள் வராவிட்டால், வைத்தியர் சொன்னாலொழிய இரண்டாக உண்ண வேண்டாம். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரங்கள் கழித்தே இரத்தத்தைச் சோதிப்பதும் இதனால்தான். உடலில் அளவு நிலைபெற அவ்வளவு காலம் வேண்டும்.

அவள் மருந்தைத் திரும்பத் தொடங்கினாள். ஆயினும் முன்போலத் தேறவில்லை. விசாரித்தபோது தெரிந்தது: இரத்தக் குறைவுக்கென்று கொடுத்த இரும்புச் சத்து மாத்திரையையும் இதையும் ஒன்றாக வாயில் போட்டு, காப்பியை ஊற்றி விழுங்கிக்கொண்டிருந்தாள். நம் வீடுகளில் விடியற்காலை என்றால் காப்பி என்றே பொருள். அதன்மேல் எனக்கு விரோதமில்லை, நானும் குடிக்கிறேன். ஆனால் தைராக்ஸின் குடலில் உறிஞ்சப்படுவது வெறும் வயிற்றில்தான் நன்கு நடக்கும்; காப்பி அதைக் குறைக்கிறது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் அதைப் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே எழுந்தவுடன் மாத்திரையைத் தண்ணீரோடு மட்டும் விழுங்கி, அரைமணி முதல் ஒரு மணி நேரம் காத்திருந்து, பிறகே காப்பியும் பலகாரமும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளும், நெஞ்செரிச்சலுக்கு உண்ணும் அமில முறிப்பானும் நான்கு மணி நேரம் தள்ளி இருக்க வேண்டும். காலையில் முடியாதவர்கள், கடைசி உணவு உண்டு மூன்று மணி நேரம் ஆன பின் இரவில் படுக்குமுன் உண்ணலாம். எப்போது உண்டாலும் ஒரே வேளை, ஒரே முறை. இன்று இப்படி நாளை அப்படி என்றால் சோதனையின் எண்ணுக்குப் பொருளே இராது.

புட்டியை அடுப்பு மேடைமேலும் குளியலறையிலும் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வெப்பமும் ஈரமும் வெளிச்சமும் இம்மருந்துக்குப் பகை. அமெரிக்காவில்கூட இம்மாத்திரைகள் காலாவதி நாளுக்கு முன்பே வீரியம் குறைவதும், தொகுதிக்குத் தொகுதி மாறுபடுவதும் கண்டு, 1997-இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் இவை எல்லாவற்றையும் புதிய மருந்துகளாகவே கொண்டு, ஒவ்வொரு உற்பத்தியாளரும் புதிதாக அனுமதி பெற வேண்டும் என்று ஆணையிட்டது. அரை நூற்றாண்டுப் பழக்கமுள்ள மருந்துக்கு இது! ஒரே கம்பெனியின் மாத்திரையைத் தொடர்ந்து வாங்குவது நல்லது. மாற்ற நேர்ந்தால் வைத்தியரிடம் சொல்லிச் சில வாரங்களில் சோதித்துக்கொள்ள வேண்டும். முடி வளர்வதற்கென்று பயோட்டின் உண்பவர்கள் சோதனைக்கு முன் அதையும் சொல்லிவிட வேண்டும். அது எண்களைப் பொய்யாக்கக் கூடும்.

மாத்திரை மிகையானால் உடல் சொல்லும்: நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், உறக்கம் போகும், வியர்க்கும், உடல் மெலியும். அப்போது தாமே நிறுத்தாமல் வைத்தியரிடம் போக வேண்டும். நெஞ்சில் வலி என்றால் காத்திருக்கவே கூடாது. கருவுற்ற பெண்களுக்கு இம்மருந்து தீங்கு என்று எண்ணி நிறுத்துவோர் இன்றும் உளர். உண்மை நேர்மாறானது. தொடக்க மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராக்ஸினைக் கொண்டுதான். ஆகவே கருவுற்றது தெரிந்தவுடன் வைத்தியரிடம் சொன்னால், பெரும்பாலும் அளவைக் கால் பங்கோ அதற்கு மேலோ கூட்டுவார்.

கோக்கரின் சிறுமியை நினைத்துப் பாருங்கள். பிறவியிலேயே சுரப்பியின்றிப் பிறக்கும் குழந்தைகளின் நிலையும் முன்பு அதுவாகவே இருந்தது. குறி தென்படுவதற்குள் மூளை கெட்டிருக்கும். 1970-களில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் ழான் துசோ என்பவர், பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து ஒரு சொட்டு இரத்தத்தைத் தாளில் எடுத்து இக்குறையைக் கண்டறியும் முறையை ஏற்படுத்தினார். முதல் இரண்டு வாரங்களுக்குள் மாத்திரையை நீரிலோ தாய்ப்பாலிலோ நுணுக்கிக் கொடுக்கத் தொடங்கினால், அக்குழந்தை மற்றக் குழந்தைகளைப்போலவே வளர்ந்து பள்ளிக்கு வரும்.

சில ஆண்டுகளுக்கு முன், நான் ஓய்வுபெற்ற பின்பு, அந்தச் சிறுமி என் வீட்டிற்கு வந்தாள். சிறுமி என்பது என் பழக்கம். கையில் மூன்று மாதக் குழந்தையோடு வந்த தாய் அவள். குழந்தையின் குதிகால் இரத்தத்தைச் சோதித்தார்களா என்று கேட்டேன். சோதித்தார்கள், குறை ஒன்றுமில்லை என்றாள். கருவுற்ற மாதங்களில் தன் மருந்தளவை இரண்டு முறை கூட்டியதையும், பேறு ஆனபின் குறைத்ததையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி வாரியாக எழுதி வைத்திருந்தாள். எண்களை நேராகப் பத்தி பிரித்து எழுதியிருந்ததைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாயிருந்தது. விடைபெறும்போது, எட்டாம் வகுப்பில் நான் சொன்ன அந்தச் சொல்லுக்காக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு அது நினைவே இல்லையே, சார்" என்றாள். சற்றும் தாமதியாமல் சொன்னாள். அவளுக்கு நினைவிருக்கிறது என்றே எண்ணுகிறேன்.